தினம் ஒரு படம் என்னும் மூடநம்பிக்கை

இணையத்தில் புகைப்படத்தால் பெயரெடுக்க வழி என்ன என்று இன்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கு. பறவை, கல்யாணம், சாப்பாடு, தெரு என்று ஏதாவது ஒரு வகையைப் பிடித்துக்கொள். தினம் ஒரு படமாவது போடு; முடிந்தால் படத்தை விட்டுவிட்டு ரீல்ஸ் போடு. ஹேஷ்டேக் மறக்காதே. நீளமாக எழுதாதே, யாரும் படிப்பதில்லை. ஒரு வருடம் விடாமல் இப்படிச் செய்தால் ஃபாலோயர் கூடும், பிராண்டுகள் தேடி வரும், கேமராவுக்குப் போட்ட காசு திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமைப் பட்டறைகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்வதும் இதைத்தான், யூடியூபில் இலவசமாகக் கிடைப்பதும் இதைத்தான்.

இந்தச் சூத்திரத்தின் ஒவ்வொரு வரியும் யாருக்கோ லாபம் தருகிறது. கேமரா வாங்கச் சொன்னால் கேமரா விற்பவருக்கு. தினமும் போடச் சொன்னால், போட்டதற்கு நடுவே விளம்பரம் காட்டும் நிறுவனத்துக்கு. எழுதாதே என்று சொன்னால், விரல் நிற்காமல் மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும் என்று விரும்புபவருக்கு. படம் எடுத்தவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. இணையம் வந்து இத்தனை ஆண்டுகளில் புகைப்படத்தை வைத்து நிலையான வாசகர் கூட்டத்தைச் சேர்த்தவர்கள் யார் யார் என்று ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால், அவர்களில் பலர் இந்தச் சூத்திரத்துக்கு நேர் எதிராக நடந்தவர்கள். அவர்களிடம் வேறொன்று இருந்தது. தங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைப் படத்தின் பக்கத்திலேயே எழுதி வைத்தார்கள்.

டேவிட் ஹாபியை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ‘பால்டிமோர் சன்’ நாளிதழில் புகைப்படக்காரராக இருந்தவர். 2006ஆம் ஆண்டு ‘ஸ்ட்ரோபிஸ்ட்’ என்ற பெயரில் ஒரு வலைப்பூவைத் தொடங்கினார். அதற்குத் தனி முகவரிகூடக் கிடையாது, இலவச பிளாக்ஸ்பாட்தான். வடிவமைப்பும் சுமார் ரகம். அழகழகான படங்களைக் காட்டி ஆள் சேர்க்கும் எண்ணம் அவருக்கு இல்லை. கேமராவின் தலையில் மாட்டும் சின்ன ஃபிளாஷைக் கழற்றி, ஒரு ஸ்டாண்டில் வைத்து, ஒரு குடை போட்டு, பக்கவாட்டிலிருந்து அடித்தால் முகம் எப்படி மாறுகிறது என்பதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்டூடியோ விளக்குகள் வாங்க வசதியில்லாத பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் வேலை நெருக்கடியில் கண்டுபிடித்து வைத்திருந்த கைத்தொழில் அது. விளக்கு எங்கே நின்றது, எத்தனை சக்தியில் எரிந்தது, சுவர் என்ன நிறம், அந்த நிறம் ஏன் முகத்தில் வந்து ஒட்டியது, முதல் முயற்சி ஏன் சொதப்பியது என்று ஒவ்வொரு படத்தையும் பிரித்துப் போட்டார். ‘லைட்டிங் 101’ என்ற அவருடைய பாட வரிசை முழுவதும் இலவசம்.

விளைவு என்ன? பழைய நிக்கான் ஃபிளாஷ்களைத் தேடி உலகமெங்கும் ஆட்கள் அலைந்தார்கள். இந்த வாசகர்களையே மனதில் வைத்து, தானியங்கி வசதிகள் இல்லாத மலிவான ஃபிளாஷ்கள் சந்தைக்கு வந்தன. அவருடைய வாசகர்கள், படம் பகிரும் ஃபிளிக்கர் தளத்தில் கூடிய குழுவில் லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். 2008இல் ஹாபி பத்திரிகை வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாக எடுத்துக்கொண்டார். 2021இல் எழுதுவதை நிறுத்தியபோது தளத்தை மூடிவிடவில்லை. பாடங்கள் அப்படியே இருக்கின்றன. குடையும் ஸ்டாண்டும் வாங்கிக்கொண்டு புதிதாக வருபவர்கள் இன்றும் முதல் பாடத்திலிருந்து படிக்கிறார்கள். தினம் ஒரு படம் போட்ட எத்தனை பக்கங்களை, போடுவதை நிறுத்திய மறு மாதம் யாராவது தேடிப் போயிருக்கிறார்கள்?

ஹாபியின் வெற்றியை ‘சரியான பிரிவைப் பிடித்தார்’ என்று சுருக்கிவிடுகிறார்கள் ஆலோசகர்கள். அது பின்னாலிருந்து பார்ப்பவரின் கண்ணுக்குத் தெரியும் பிரிவு. 2006இல் ‘கழற்றி வைத்த சின்ன ஃபிளாஷ்’ என்று எந்தப் பட்டியலிலும் ஒரு பிரிவு இல்லை. பல ஆண்டுகள் தினசரியில் வேலை பார்த்த ஒருவரின் விரல் நுனியில் அது இருந்தது, அவ்வளவுதான். சந்தையை அலசித் துறையைத் தேர்ந்தெடுப்பவர் நேரே போய்க் கூட்டத்துக்குள் நிற்கிறார். எல்லாரும் மீன்கொத்தியை எடுக்கும் ஏரிக்கரையில் இன்னொரு மீன்கொத்திக்கு யார் காத்திருக்கிறார்கள்?

அடுத்தது கேமரா. டிஜிட்டல் கேமரா விற்பனை உச்சத்தில் இருந்தது 2010இல். ஜப்பானின் கேமரா உற்பத்தியாளர் சங்கக் கணக்குப்படி அந்த ஆண்டு உலகெங்கும் அனுப்பப்பட்டவை சுமார் 12 கோடி. 2023இல் அது 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் உலகில் எடுக்கப்படும், பார்க்கப்படும் படங்கள் பெருகினவே தவிரக் குறையவில்லை. 2012இல் பீட்டர் டிகாம்போ என்ற புகைப்படக்காரரும் ஆஸ்டின் மெரில் என்ற எழுத்தாளரும் ஐவரி கோஸ்டில் ஒரு செய்திப் பணிக்காகப் போயிருந்தபோது, போரும் பட்டினியும் மட்டுமே ஆப்பிரிக்காவாகத் தெரிவதில் அலுத்துப்போய், கையிலிருந்த ஐபோனில் சாதாரண நாளைப் படமெடுக்கத் தொடங்கினார்கள். லிஃப்டுக்குக் காத்திருப்பவர், கடைக்குப் போகிறவர், பள்ளி விட்டு வருகிறவர். ‘எவ்ரிடே ஆப்பிரிக்கா’ என்ற அந்த முயற்சியைப் பார்த்து மற்ற கண்டங்களிலும் நகரங்களிலும் அதே பெயர் வரிசையில் பல முயற்சிகள் முளைத்தன. அந்தப் படங்களில் கூர்மை போதவில்லை என்று சொன்னவர் யாராவது இருந்தால் அவர் லென்ஸ் கடை வைத்திருப்பவராகத்தான் இருக்க வேண்டும்.

கேமராவைப் பற்றியே எழுதி வாசகர் சேர்ப்பது வேறு தொழில். அதுவும் நல்ல தொழில்தான். 1998இல் ஃபில் ஆஸ்கி தொடங்கிய டிபிரிவ்யூ அந்தத் துறையின் உச்சம். 2007இல் அமேசான் அதை வாங்கியது. 2023 மார்ச்சில் அதே அமேசான் மூடப்போவதாக அறிவித்தது. கால் நூற்றாண்டின் சோதனை அறிக்கைகளும் மாதிரிப் படங்களும் போய்விடுமோ என்று வாசகர்கள் பதறி, பக்கம் பக்கமாகச் சேமிக்கத் தொடங்கினார்கள். சில மாதங்களில் வேறொரு நிறுவனம் வாங்கியதால் தப்பியது. உலகின் மிகப் பெரிய கேமரா தளத்துக்கே இந்தக் கதி.

‘எழுதாதே, யாரும் படிப்பதில்லை’ என்ற வரிக்கு வருவோம். சூத்திரத்தில் மிக மோசமான வரி இதுதான்.

பிராண்டன் ஸ்டான்டன் சிகாகோவில் பத்திர வர்த்தகராக இருந்து 2010இல் வேலை இழந்தவர். புகைப்படத்தில் முறையான பயிற்சி கிடையாது. நியூயார்க்குக்குப் போய் பத்தாயிரம் பேரைப் படமெடுத்து, நகரத்தின் வரைபடத்தில் ஒவ்வொருவரையும் அவரவர் நின்ற இடத்தில் ஒட்டிவைப்பது என்பதுதான் அவருடைய முதல் திட்டம். ஒருவகை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அந்தத் திட்டம் அப்படியே ஓடியிருந்தால் இன்று அவரை யாருக்கும் தெரிந்திருக்காது. படத்தில் இருப்பவர் சொன்ன ஒரு வாக்கியத்தைப் படத்துக்குக் கீழே போட்டுப் பார்த்தார்; பிறகு நின்று பேசினார், கேள்வி கேட்டார், பதிலை நீளமாகப் போட்டார். ‘ஹ்யூமன்ஸ் ஆஃப் நியூயார்க்’ என்று உலகம் அறிவது அந்தப் பேச்சைத்தான். 2013இல் புத்தகமாக வந்து நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2015இல் புரூக்ளினின் பிரவுன்ஸ்வில் பகுதியில் ஒரு பள்ளிச் சிறுவன், தன் வாழ்க்கையை அதிகம் மாற்றியவர் தன் பள்ளி முதல்வர்தான் என்று சொன்னான். அந்தச் சில வரிகளின் பின்னால் போன ஸ்டான்டன் அந்தப் பள்ளிக்காக நிதி திரட்ட, பத்து லட்சம் டாலருக்கும் மேல் குவிந்தது. சிறுவனின் படம் மட்டும் எழுத்தில்லாமல் வந்திருந்தால் ஒரு விருப்பக் குறி போட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு நியாயமான கேள்வி கேட்கும்: ஸ்டான்டன் தினமும் போட்டார், ஃபேஸ்புக்கின் முதுகில் ஏறித்தானே வளர்ந்தார்? உண்மை. தினமும் தெருவில் இறங்கி நடந்தார், தினமும் போட்டார். ஆனால் அதே ஆண்டுகளில் அதே ஃபேஸ்புக்கில் தினமும் போட்டவர்கள் லட்சக்கணக்கானவர்கள். எல்லாரிடமும் இருந்த ஒன்றைக் காட்டி ஒருவரின் வெற்றியை விளக்க முடியாது. அவரைப் பார்த்து உலகமெங்கும் ‘ஹ்யூமன்ஸ் ஆஃப்’ என்று தொடங்கும் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. அதே வடிவம், அதே வேகம். பெரும்பாலானவற்றின் பெயர்கூட இன்று நினைவில் இல்லை. தழைத்த சிலவற்றில் ஒன்றான ‘ஹ்யூமன்ஸ் ஆஃப் பாம்பே’ 2023இல் தன்னைப் பார்த்து நகலெடுத்ததாக இன்னொரு பக்கத்தின் மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அந்த வழக்கைப் பார்த்து ஸ்டான்டனே வெளிப்படையாகத் தன் எரிச்சலைச் சொன்னார். யோசனைக்கோ வடிவத்துக்கோ பதிப்புரிமை கிடையாது, வெளிப்பாட்டுக்குத்தான் உண்டு என்ற பழைய விதியைத்தான் நீதிமன்றமும் எடுத்துச் சொன்னது. வடிவம் யாருக்கும் கிடைக்கும். நின்று கேட்கும் பொறுமைதான் கிடைப்பதில்லை.

தினமும் போடு என்பதற்கு நேர் எதிரான சாட்சிகளும் உண்டு. ஆலன் டெய்லர் புகைப்படக்காரரே இல்லை. பாஸ்டன் குளோப் நாளிதழின் இணையப் பிரிவில் நிரல் எழுதுபவர். 2008இல் ‘தி பிக் பிக்சர்’ என்ற பகுதியைத் தொடங்கினார். செய்தி நிறுவனங்களின் படங்கள் அன்று இணையத்தில் தபால்தலை அளவில் வந்துகொண்டிருந்தன. அவர் அவற்றைத் திரை கொள்ளும் அளவுக்குப் பெரிதாக்கி, ஒரு பொருளுக்கு இருபது முப்பது படங்கள் என்று தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் கீழும் முழுக் குறிப்புடன் வரிசையாக அடுக்கினார். ஒரு படம்கூட அவர் எடுத்ததில்லை. வேண்டாததைக் கழிக்கத் தெரிந்த கண் மட்டும் இருந்தது. வாரத்துக்குச் சில பதிவுகள்தான். விரைவிலேயே பெருங்கூட்டம் வந்தது. 2011இல் ‘தி அட்லாண்டிக்’ அவரை அழைத்துக்கொண்டது.

இந்தியாவில் அனுஷா யாதவ் 2010இல் தொடங்கிய ‘இந்தியன் மெமரி புராஜெக்ட்’ இன்னும் மெதுவானது. வீடுகளில் கிடந்த பழைய குடும்பப் படங்களை, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, அதன் பின்னணி என்ன என்று குடும்பத்தார் எழுதித் தரும் குறிப்புடன்தான் அது வெளியிடுகிறது. குறிப்பு இல்லாத படத்துக்கு அங்கே இடமில்லை. பிரிவினையில் வந்தவர்கள், முதன்முதலாகக் கல்லூரி போன பெண்கள், மறந்துபோன தொழில்கள் என்று ஒரு துணைக்கண்டத்தின் வீட்டு வரலாறு அதில் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் அதைத் தேடி வருகிறார்கள். எந்த ஹேஷ்டேக்கும் இந்தக் காரியத்தைச் செய்திருக்காது.

இனி, எங்கே போடுவது என்ற விஷயம். ‘கூட்டம் இருக்கும் இடத்துக்குப் போ’ என்கிறது சூத்திரம். கூட்டம் இருந்த இடங்களின் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். இடங்களின் படங்களை வரைபடத்தில் ஏற்ற உதவிய பனோரமியோவை கூகுள் 2007இல் வாங்கி 2016இல் மூடியது. 2017இல் போட்டோபக்கெட், பிற தளங்களில் தன் படங்களைக் காட்டுவதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 400 டாலர் கேட்டது. ஒரே வாரத்தில் உலகெங்கும் வலைப்பூக்களில் படங்கள் இருந்த இடத்தில் அளவுமானியின் சித்திரம் வந்து உட்கார்ந்தது. பத்து வருடமாக எழுதிய செய்முறைக் குறிப்புகள் படமில்லாமல் ஊமையாயின. புகைப்படக்காரர்களின் சொர்க்கம் என்று புகழப்பட்ட கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் இழுத்து மூடப்பட்டது. ஒரு டெராபைட் இலவசம் என்று 2013இல் கைநீட்டி வரவேற்ற ஃபிளிக்கர், உரிமையாளர் மாறிய பின் 2018இல் இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம்தான் என்று சொல்லி, மிச்சத்தை நீக்கப்போவதாக நாள் குறித்தது.

மூடாமல் இருக்கும் இடம் இன்ஸ்டாகிராம். 2015 ஆகஸ்டு வரை அது சதுரப் படத்தைத் தவிர வேறெதையும் ஏற்கவில்லை. ஒரு தலைமுறையே சதுரத்துக்குள் யோசிக்கப் பழகிக்கொண்டது. 2016இல் நேர வரிசையை எடுத்துவிட்டு, யாருக்கு எதைக் காட்டுவது என்பதை அல்காரிதத்தின் கையில் கொடுத்தது. பின்தொடர்பவர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள், தாங்கள் சேர்த்த ஆட்களிடமே தங்கள் படம் போய்ச் சேராததை அப்போதுதான் கண்டார்கள். 2021 ஜூனில் அதன் தலைவர் ஆடம் மொஸ்ஸேரி, இனி இது புகைப்படம் பகிரும் செயலி அல்ல என்று காணொலியிலேயே சொல்லிவிட்டார். இதைவிடத் தெளிவாக ஒரு வீட்டுக்காரர் குடித்தனக்காரரிடம் சொல்ல முடியாது. அதற்குப் பிறகும் ‘முதலில் இன்ஸ்டாவில் ஆள் சேர்’ என்று பாடம் எடுப்பவர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

கூட்டம் இருந்த இடம் ஓய்ந்துபோவதற்குத் தமிழிலேயே முன்னுதாரணம் உண்டு. 2004இல் வலைப்பூக்களைத் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் வந்தபோது தமிழ்ப் பதிவர் உலகம் ஒரு சந்தை போலக் களைகட்டியது. ‘சூடான இடுகைகள்’ என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் ஏறுவதற்காகவே தலைப்பில் சண்டைக்கு அழைத்து எழுதப்பட்ட மொக்கைப் பதிவுகள் எத்தனையோ. அதே காலத்தில் ‘தமிழில் புகைப்படக்கலை’ என்ற பெயரில் ஆர்வலர்கள் சிலர் கூட்டாக ஒரு வலைப்பூ நடத்தினார்கள். துளை அளவு, ஷட்டர் வேகம், கலவை விதிகள் என்று தமிழில் பாடம் எழுதினார்கள், மாதந்தோறும் ஒரு தலைப்புக் கொடுத்துப் போட்டி வைத்தார்கள், வந்த படங்களை ஏன் பிடித்தது, எங்கே குறை என்று பிரித்து எழுதினார்கள். திரட்டிகள் ஓய்ந்துவிட்டன. சூடான இடுகைகள் எவை என்று இன்று யாருக்கும் தெரியாது. புகைப்படப் பாடங்களை மட்டும் தேடல் வழியாக வந்து படிப்பவர்கள் பிறகும் இருந்தார்கள்.

சூத்திரக்காரர்கள் ஒருபோதும் எடுத்துக்காட்டாகச் சொல்லாத ஒரு தமிழரின் தளம் உண்டு. சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்த எஸ். விஜயகுமார் 2000களின் பிற்பகுதியில் ‘பொயட்ரி இன் ஸ்டோன்’ என்ற பெயரில் கோயில் சிற்பங்களைப் பற்றி எழுதத் தொடங்கினார். மாமல்லபுரம், காஞ்சிபுரம், தஞ்சை என்று ஒவ்வொரு சிற்பமாக எடுத்து, இந்தக் கை ஏன் இப்படி மடிகிறது, இந்த ஆபரணம் எந்தக் காலத்தது, பல்லவர் காலத்துத் துவாரபாலகருக்கும் சோழர் காலத்தவருக்கும் வேறுபாடு என்ன என்று படத்தின் மேலேயே கோடு போட்டு விளக்குவதுதான் அந்தத் தளத்தின் வேலை. படங்கள் பலவும் நண்பர்களும் வாசகர்களும் எடுத்து அனுப்பியவை. கோயில் இருட்டில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தவை; போட்டியில் பரிசு வாங்கும் ரகம் அல்ல. அந்தத் தளத்தைச் சுற்றி, சிற்பத்தைக் கண்ணால் படிக்கத் தெரிந்த ஒரு கூட்டம் உருவாயிற்று.

அந்தக் கண்ணுக்கு ஒரு வேலை வந்தது. அரியலூர் மாவட்டத்தின் சுத்தமல்லி, ஸ்ரீபுரந்தான் கோயில்களிலிருந்து செப்புத் திருமேனிகள் திருடுபோயின. ஸ்ரீபுரந்தான் நடராசரை 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க்கில் கடை நடத்திய சுபாஷ் கபூர். அவர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டார். அதன் பிறகு அருங்காட்சியகங்களின் பட்டியல்களில் இருந்த திருமேனிகளை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்திருந்த படங்களுடன் ஒப்பிடும் வேலை நடந்தது. தமிழகச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு ஒருபுறம், அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேசன் ஃபெல்ச் நடத்திய வலைப்பூ ஒருபுறம், விஜயகுமாரும் அவருடன் சேர்ந்த ஆர்வலர்களும் ஒருபுறம். திருவாசியின் சுடர் எத்தனை, எங்கே முறிந்திருக்கிறது, வார்ப்பில் எந்த இடத்தில் குறை என்று படத்துக்குப் படம் பார்த்தார்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் நடராசரையும், விருத்தாசலம் கோயிலிலிருந்து போன அர்த்தநாரீசுவரரையும் டெல்லியில் ஒப்படைத்தார்.

அந்தப் பிரெஞ்சு நிறுவனத்தின் படங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். கறுப்பு வெள்ளை, நேருக்கு நேர், அலங்காரம் ஏதும் இல்லாத ஆவணப் படங்கள். இன்று ஒருவர் அவற்றை அப்படியே ஏற்றினால் பத்து விருப்பக் குறி விழுமா என்பது சந்தேகம். ஊர், கோயில், தெய்வம், நாள் என்று யாரோ ஓர் அட்டையில் பொறுமையாக எழுதி வைத்ததால் அவை திருட்டுக்குச் சாட்சி சொல்லின. அந்த அட்டை இல்லையென்றால் அது ‘ஒரு பழைய நடராசர் படம்’, அவ்வளவே.

இன்னொருவர் எம். பழனிகுமார். பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய ‘பாரி’ என்னும் ஊரக இந்திய ஆவணத் தளத்தில் அவருடைய படக்கட்டுரைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. மலக்குழி மரணங்களை ஆவணப்படுத்தியவர். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். ராமநாதபுரம் மாவட்டம் பாரதிநகரில் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய அவருடைய கட்டுரையைப் பார்த்தவர்களுக்கு நீருக்கடியில் மிதக்கும் சேலை மனதில் நிற்கும். ஆனால் விரல்களில் துணியை ஏன் சுற்றியிருக்கிறார்கள், காலில் ஏன் செருப்போடு முங்குகிறார்கள் என்பதை அந்தப் படக்குறிப்புதான் சொல்கிறது: பாறை கிழிக்கும். மீன் விற்று வளர்த்த தன் தாயைப் பற்றியும் அவர் ஒரு படக்கட்டுரை செய்திருக்கிறார். 2022இல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. இவருடைய ‘பிரிவு’ என்ன என்று எந்தப் பட்டறையில் கேட்டாலும் பதில் வராது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. தமிழ்நாட்டில் கேமராவால் சாப்பிடுபவர்களில் பெரும்பாலானவர்கள் கல்யாணப் புகைப்படக்காரர்கள். ‘எடுத்ததையெல்லாம் போடு, அதுவே விளம்பரம்’ என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் வேறு சொல்கிறது. பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். மணப்பெண்ணின் மருதாணிக் கையை அட்டைப் படமாகப் போடுவதற்கு முன்னால் முன்பணம் வாங்கும் ரசீதிலேயே ஒரு வரி எழுதி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். இந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுக்காமல் ஹேஷ்டேக் சொல்லிக்கொடுக்கும் பட்டறைக்கு எதற்குக் கட்டணம்?

பிராண்டுகள் தேடி வரும் என்ற நம்பிக்கையும் பெரும்பாலோருக்குப் பொய்த்துத்தான் போகிறது. ஹாபிக்குப் பயிலரங்குகளும் டிவிடி பாடங்களும் வருமானம் தந்தன, ஸ்டான்டனுக்குப் புத்தகங்கள், விஜயகுமார் வேலையை வைத்துக்கொண்டே எழுதினார், 2018இல் அவருடைய ‘தி ஐடல் தீஃப்’ புத்தகமாக வந்தது.  தளத்தில் தெரிந்த அறிவை நம்பி வந்தவர்கள் தளத்துக்கு வெளியிலும் காசு தந்தார்கள்.

இதனால் உழைப்பு வேண்டாம், ஒழுங்கு வேண்டாம் என்று ஆகாது. மேலே குறிப்பிட்டவர்கள் எல்லாருமே வருடக்கணக்கில் விடாமல் செய்தவர்கள். காலமும் அதிர்ஷ்டமும் உதவின என்பதையும் மறுக்க முடியாது. 2006இல் வலைப்பூ படிக்க இருந்த பொறுமை இன்று குறைவு, பதிவுகளைத் திரட்டித் தந்த கூகுள் ரீடர் 2013இல் போன பிறகு வலைப்பூக்களைத் தொடர்ந்து படிக்கும் பழக்கமே அடிவாங்கியது. இன்று தொடங்குபவர் மெதுவாகத்தான் வளர்வார். அவசரப்படுத்தும் சூத்திரம் மட்டும் அந்த வேகத்தைக் கூட்டிவிடவில்லை.

எல்லாருக்கும் சிற்பமும் ஃபிளாஷும் தெரியுமா என்று கேட்கலாம். தெரிய வேண்டாம். கண்மாயின் மடை எப்படித் திறக்கும் என்று தெரிந்தவர் இருக்கிறார். ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறையில் வளர்ந்தவர் இருக்கிறார். அப்பாவின் ஸ்டூடியோவில் தீட்டிய பின்திரைகளைச் சுருட்டி வைத்திருப்பவர் இருக்கிறார். அப்படிப்பட்ட பழைய தமிழ் ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடிச் சேர்க்கப் புதுச்சேரியில் ஓர் ஆய்வுத் திட்டமே நடந்தது. இவற்றில் எதற்கும் தமிழில் ஒரு முழுமையான படத்தளம் கண்ணில் படவில்லை. சூரிய அஸ்தமனத்துக்கு ஆயிரம் பக்கங்கள் இருக்கின்றன.

தொடங்க நினைப்பவர்கள் கேமரா கடைக்குப் போவதற்கு முன் ஏற்கெனவே கையிலிருக்கும் படங்களில் நூறை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடம், நாள், இருப்பவர் யார், அங்கே நடப்பது என்ன என்று ஐந்து வரி எழுதிப் பாருங்கள். படத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். எழுத வந்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பெயரில் ஒரு முகவரி வாங்கி அதில் போடுங்கள். மூலக்கோப்புகளை இரண்டு வட்டுகளில் தனித்தனியாக வையுங்கள். இன்ஸ்டாகிராமில் போடுவதென்றால் அந்த முகவரிக்கு வழிகாட்டும் பலகையாக மட்டும் போடுங்கள். நூறில் பத்துக்குக்கூட எழுத வரவில்லை என்றால், மாற்ற வேண்டியது லென்ஸை அல்ல, எடுக்கும் பொருளை.